ஏதென்ஸ் போய்விட்டு வந்தேன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. அவளைப் புது வீட்டில் குடிவைத்துவிட்டுத் திரும்பும் வழியில், முப்பது வருடத்துக்குப் பிறகு, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் நம் ஏதென்ஸுக்கு வண்டியைத் திருப்பினேன்.

ஓகோனி தெருவில் அந்தத் தேவாலயத்தின் கோபுரம் மட்டும் தனியாக நிற்கிறது. 1980 ஏப்ரல் 5-ஆம் தேதி ஒரு பிறந்தநாள் விருந்தில் நம் ராக் குழு ஆர்.ஈ.எம். முதன்முதலாக வாசித்தது அங்கேதான். தேவாலயத்தை 1990-இல் இடித்தார்கள். நாம் அப்போது அதே ஊரில்தானே படித்துக்கொண்டிருந்தோம்? ஒருநாள்கூட உள்ளே எட்டிப் பார்க்கவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது.

அப்புறம் உக்ஸ்ட்ரி இசைத்தட்டுக் கடைக்குப் போனேன். குழுவின் கிட்டார்காரர் பீட்டர் பக் வேலை பார்த்த கடை. பாடகர் மைக்கேல் ஸ்டைப் வாடிக்கையாளராக வந்து அவருடன் பழகிய கடை. அவர்களின் முதல் ஆல்பமான ‘மர்மர்’ பழைய தட்டு ஒன்று கிடைத்தது. அட்டையில் அதே குட்ஸு கொடி, மரம் மட்டை எல்லாவற்றையும் மூடிக்கொண்டு. ஜார்ஜியாவின் ஓகஸ்ட் வெயிலில் பஸ் ஜன்னல் வழியே நாம் பார்த்துக்கொண்டே போவோமே, அந்தக் கொடிதான்.

இனி நம் பழைய வழக்குக்கு வருகிறேன். 1992-இல் வந்த ‘ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்’தான் அவர்களின் உச்சம் என்று மறுபடியும் எழுதியிருக்கிறாய். உன் அப்பா போன அந்த மாதம் முழுக்க நீ அதிலுள்ள ‘எவ்ரிபடி ஹர்ட்ஸ்’ கேட்டுக்கொண்டு படுத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பாட்டைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனாலும் எனக்கு 1983-இன் ‘மர்மர்’தான். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ உலகத்தையே ஆட்டிவைத்த வருடம் அது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் விமர்சகர்கள் அந்த வருடத்தின் சிறந்த ஆல்பமாக இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

வரிகள் ஒன்றும் புரியவில்லை என்று நீ அன்று அறையில் சண்டை போடுவாய். எனக்கு அதிலேதான் உயிர் இருக்கிறது. மற்ற ராக் குழுக்களில் பாடகன் முன்னால் நிற்பான், வாத்தியங்கள் அவனுக்குப் பின்னால் நிற்கும். இதில் குரல் கிட்டாரின் உயரத்துக்கே இறங்கி நிற்கிறது. பக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டித் தெறிக்கவிடுகிறார். மைக் மில்ஸின் பாஸ் தனக்கென்று ஒரு மெட்டுப் பாடுகிறது. பில் பெரியின் டிரம்ஸில் தேவையில்லாத ஒரு அடி கிடையாது. ஸ்டைப்பின் குரல் இவற்றுக்கு நடுவே நாலாவது வாத்தியமாகப் புழங்குகிறது. இது தற்செயலாக அமைந்ததல்ல. முதலில் வந்த தயாரிப்பாளர் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கவைத்து, சிந்தசைசரையும் மேலே பூசினார். பிடிக்காமல், தங்கள் பழைய கூட்டாளி மிட்ச் ஈஸ்டரிடமே போகவேண்டும் என்று இவர்கள் கம்பெனியிடம் பிடிவாதம் பிடித்தார்கள். ஈஸ்டரும் டான் டிக்சனும் சார்லட் நகரில் வைத்துப் பதிவு செய்து கொடுத்ததுதான் இன்று நம் கையில் இருப்பது.

அடுத்த ஆல்பத்தின்போது நடந்ததையும் உனக்குச் சொல்லவேண்டும். ஒருநாள் ஸ்டைப்புக்குக் குரலே எழும்பவில்லை. டிக்சன் ஒரு கிறிஸ்தவப் பாடல் தட்டை எடுத்துக் கொடுக்க, அவர் அதன் பின்னட்டையில் அச்சாகியிருந்ததை அப்படியே அன்று பதிவு செய்யவிருந்த பாட்டின் மெட்டில் பாடினார். ‘வாய்ஸ் ஆஃப் ஹரால்ட்’ என்று அது வெளிவந்தும் இருக்கிறது. கேட்டுப் பார். பின்னட்டை விளம்பரம்கூட அந்தக் குரலில் நெஞ்சைப் பிடிக்கிறது.

இன்னொன்று. நாலு பேரும் எல்லாப் பாட்டுக்கும் சேர்ந்தே பெயர் போட்டுக்கொண்டார்கள், யார் எழுதினாலும் சரி. உன் ‘எவ்ரிபடி ஹர்ட்ஸ்’ பெரும்பாலும் பெரி எழுதியது. மர்மரில் எனக்கு மிகப் பிடித்த ‘பெர்ஃபெக்ட் சர்க்கிள்’ பாட்டின் இசையும் அவருடையதே. டிரம்ஸ்காரரின் மெட்டுதான் நம் இருவரையும் இத்தனை வருடம் கட்டி வைத்திருக்கிறது! 1995-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் மேடையிலேயே அவருக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. பிழைத்து வந்தார். 1997-இல் விலகிக்கொண்டார். மற்ற மூவரும் 2011 வரை ஓட்டினார்கள். அந்தப் பிற்கால ஆல்பங்களை நான் மரியாதையோடு கேட்கிறேன், ஆனால் மனசு ஒட்டவில்லை. நாலு கால் மேசையில் ஒரு கால் போனபின் மேலே எதை வைத்தாலும் சாய்கிறது.

2024 ஜூனில் நியூயார்க்கில், பாடலாசிரியர்களைக் கௌரவிக்கும் ‘சாங்ரைட்டர்ஸ் ஹால் ஆஃப் ஃபேம்’ பட்டியலில் அவர்களைச் சேர்த்த அன்று, நாலு பேரும் ‘லூசிங் மை ரிலிஜன்’ வாசித்தார்களே, பார்த்தாயா? ஸ்டைப்புக்கும் வயதாகிவிட்டது. பெரி மறுபடி அவர்கள் பக்கத்தில் நின்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உன் வீட்டு ரெக்கார்ட் பிளேயர் இன்னும் ஓடுகிறதா? ஓடினால் இந்தத் தட்டை அனுப்பிவைக்கிறேன். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘பெர்ஃபெக்ட் சர்க்கிள்’. இரண்டு பியானோ சேர்ந்து வாசிக்கும், அதில் ஒன்று சுருதி விலகியது. அதைக் கேட்டுவிட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்