வயிரவனுக்கு: கானாடுகாத்தான் வீட்டு வெப்சைட் பற்றி

காரைக்குடி

அன்புள்ள வயிரவா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எல்லாருக்கும் நிம்மதி. இங்கே மூத்தவளுக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பத்திரிகை தனியாக வரும், ஆச்சியைக் கூட்டிக்கொண்டு கட்டாயம் வந்துவிடு.

வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் நம்ம வீடு கூகுளில் தேடினால் ஏன் வரமாட்டேன் என்கிறது என்று கேட்டிருந்தாய். உன் தம்பியிடம் அனுமதி வாங்கி சர்ச் கன்சோலில், அதாவது நம் சைட்டை கூகுள் எப்படிப் பார்க்கிறது என்று காட்டும் கூகுளின் கருவியில், பார்த்துவிட்டேன். காரணம், போனில் திறந்தால் வரும் பக்கத்தில் இருக்கிறது.

கம்ப்யூட்டரில் திறந்தால் உங்கள் சைட் அவ்வளவு அழகு. முகப்பிலிருந்து வளவு, இரண்டாங்கட்டு என்று வீட்டின் ஒவ்வொரு பகுதியையும் எழுதியிருக்கிறீர்கள். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், காலையில் என்ன பலகாரம், செட்டிநாடு ஸ்டேஷனில் இறங்கி எப்படி வருவது, எல்லாம் இருக்கிறது. அதையே போனில் திறந்தேன். முகவரிக்கு முன்னால் ஒரு 'எம்' ஒட்டிக்கொண்டு வேறொரு சைட் வந்தது. மூன்று படம், ஒரு போன் நம்பர், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் போனும் சின்னது, நெட்டும் மெதுவு. அதனால் செய்து கொடுத்தவர் சுருக்கியிருப்பார். அப்போது அதில் தப்பில்லை.

ஆனால் கூகுள் அதற்குப் பிறகு மாறிவிட்டது. கம்ப்யூட்டர் பக்கத்தை விட்டுவிட்டு போன் பக்கத்தையே முதலாக எடுத்துப் படிக்கப் போவதாக 2016-லேயே அறிவித்தார்கள். 2018 மார்ச்சில் சைட் சைட்டாக மாற்ற ஆரம்பித்தார்கள், 2019 ஜூலையிலிருந்து புது சைட்டுகளுக்கு அதுவே வழக்கம். மிச்சமிருந்தவற்றையும் 2024 ஜூலை 5-க்குப் பிறகு போன் வடிவத்தில் வரும் கூகுள்பாட்தான், அதாவது பக்கங்களைப் படிக்க கூகுள் அனுப்பும் நிரல்தான், படிக்கிறது. ஆகவே போனில் இல்லாத வரி கூகுளுக்கு இல்லாத வரி. 'செட்டிநாட்டு வீட்டில் தங்க' என்று ஒருவர் தேடினால், அந்தச் சொற்கள் உங்கள் போன் பக்கத்தில் ஒரு இடத்திலும் இல்லை. கூகுள் எதை வைத்து உங்களைக் காட்டும்? நீங்கள் அத்தனை பாடுபட்டு எழுதியது வீணாகக் கிடப்பதைப் பார்த்து எனக்கு மனசே ஆறவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கம்ப்யூட்டர் சைட்டின் சாப்பாட்டுப் பக்கத்து லிங்க்கை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பி, போனில் தட்டிப் பார்த்தேன். கந்தரப்பமும் கும்மாயமும் இருக்கும் பக்கம் வரவேண்டும். வந்தது 'எம்' சைட்டின் முதல் பக்கம். எந்த லிங்க்கைத் தட்டினாலும் அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. வருகிறவன் தேடியது கிடைக்காமல் திரும்பிப் போய்விடுவான், கூகுளுக்கும் உள்பக்கங்கள் கிடைக்காது. இரண்டு சைட் வைத்திருந்தால் பக்கத்துக்குப் பக்கம் ஜோடி இருக்கவேண்டும்: கம்ப்யூட்டர் பக்கத்தில் 'இதன் போன் வடிவம் அங்கே' என்று ஆல்டர்னேட் குறிப்பு, போன் பக்கத்தில் 'மூலம் இங்கே' என்று கனானிக்கல் குறிப்பு. உங்களிடம் இரண்டுமே இல்லை.

அந்த ஜோடியைச் சரிசெய்துகொண்டு உட்கார வேண்டாம் என்பது என் கருத்து. 'எம்' சைட்டையே எடுத்துவிடுங்கள். ஒரே முகவரி, ஒரே எழுத்து, திரைக்குத் தக்கபடி தானே ஒழுங்காகிக்கொள்ளும் ரெஸ்பான்சிவ் வடிவம். கூகுளும் அதைத்தான் சொல்கிறது. பழைய 'எம்' பக்கங்களிலிருந்து அந்தந்தப் பக்கத்துக்கே வருகிறவரைத் தானே திருப்பி அனுப்பும் நிரந்தர ரீடைரக்ட், அதாவது 301, போடச் சொல். எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக்கூடாது என்று கூகுள்பாட்டுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில், படங்களையும், பக்கத்தின் தோற்றத்தையும் இயக்கத்தையும் கவனிக்கும் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளையும் தடுத்துவைத்திருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். பக்கத்தை கூகுள் முழுசாகப் பார்க்க அவையும் தேவை.

இத்தனை எழுத்து போனில் நீளமாகாதா என்று உன் தம்பி தயங்கினான். மடித்துவைத்து, தட்டினால் விரிகிற மாதிரி செய்யலாம். அப்படி மடித்ததையும் கூகுள் முழு மதிப்போடு படிக்கும். ஆனால் தட்டிய பிறகுதான் சர்வரிலிருந்து வரும் என்று வைத்துவிடக்கூடாது. கூகுள்பாட் எதையும் தட்டிப் பார்க்காது. படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ஆல்ட் வரியையும் விட்டுவிடாதே. 'படம் 3' என்று இருப்பதை 'தேக்குத் தூண்கள் நிற்கும் முகப்பு' என்று மாற்றினால் படத் தேடலிலும் வரும்.

மாற்றியதும் பலன் உடனே தெரியாது, பக்கங்களை கூகுள் திரும்பப் படிக்க நாளாகும். சர்ச் கன்சோலில் உள்ள யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் முகவரியைப் போட்டு 'லைவ் டெஸ்ட்' கொடுத்தால் கூகுள்பாட்டுக்குத் தெரிகிற திரை படமாக வரும். வளவைப் பற்றிய பத்தி அதில் இருக்கிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொல். செய்து கொடுக்க ஆள் அகப்படாவிட்டால் சைட்டின் பாஸ்வேர்டை எனக்கு அனுப்பச் சொல், கல்யாண வேலை மும்முரமாகுமுன் நானே உட்கார்ந்து முடித்துவிடுகிறேன்.

அன்புடன்,
சொக்கு