என் குரலைக் காத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய நாடகக் கலைஞர்களுக்கும், ஊர்த் திருவிழாக் குழுவினருக்கும், ரசிகப் பெருமக்களுக்கும் வணக்கம்.

என் தொண்டைக்கு என்ன நேர்ந்தது என்பதும், இந்தப் பருவத்தின் முன்பாதி எங்கள் குடும்பத்துக்கு எப்படிக் கழிந்தது என்பதும் நீங்கள் அறிந்தவையே. குரல் திரும்பிவிட்டது. பழைய வலு இன்னும் வரவில்லை என்றாலும், வேலன் வேடத்தில் நின்று பாடும் அளவுக்கு வந்திருக்கிறது. அந்த நிம்மதியோடு இதை எழுதுகிறேன்.

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும், பேச வேண்டாம் என்று என்னைக் கண்டித்துக் காத்த செவிலியர்களுக்கும், நான் ஒப்புக்கொண்டிருந்த இரவுகளில் எனக்குப் பதிலாக ராஜபார்ட் என்னும் கதாநாயக வேடம் ஏற்று, வந்த ஊதியத்தில் ஒரு பங்கை என் வீட்டில் கொண்டுவந்து கொடுத்த தோழர்களுக்கும், முன்பணத்தைத் திருப்பிக் கேட்காத ஊர்ப் பெரியவர்களுக்கும், நான் ஐந்து கட்டையில் பாடுகிறவன் என்று தெரிந்தும் எதுவும் கேட்காமல் சுருதியை இறக்கி வைத்த ஆர்மோனியக் கலைஞருக்கும் என் குடும்பத்தின் நன்றி. இவர்கள் அனைவரையும் ஒரு பத்தியில் அடக்கிவிட்டு ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன். அதற்கான காரணத்தை இவர்களே முதலில் உணர்வார்கள்.

நான் மீண்டும் மேடையேறிய இரவு நடந்தது வள்ளி திருமணம். வள்ளியாக வந்த சகோதரியுடன் அதற்கு முன் நான் நடித்ததில்லை. ஒப்பனைக் கொட்டகையில்தான் முதன்முறையாகப் பார்த்தேன். ஸ்பெஷல் நாடகத்தில் இது வழக்கமானதே. ஆளுக்கோர் ஊரிலிருந்து வந்து, ஒத்திகை எதுவும் இல்லாமல், அன்றிரவே கூடி விடிய விடிய நடிக்கிறோம். வேலனுக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தில் யார் யாரை மடக்குகிறார் என்று பார்ப்பதற்காகவே மக்கள் உறங்காமல் காத்திருப்பார்கள். அங்கே தடுமாறுகிறவரை எதிரில் நிற்பவர் விட்டுவைப்பதில்லை. அது தவறும் அன்று. எங்கள் தொழிலின் சுவையே அதுதான்.

'காயாத கானகத்தே' பாட்டை எப்படியோ பாடி முடித்துவிட்டேன். தர்க்கம் தொடங்கி, அவர் கேட்ட கேள்விக்கு விடையாக விருத்தம் எடுத்தபோது, இரண்டாம் அடியில் மேலே ஏறிய குரல் அப்படியே அறுந்துவிட்டது. ஆர்மோனியம் நின்றது. ஒரு கணம்கூடத் தாமதிக்காமல் அந்தச் சகோதரி, வள்ளியாகவே, "வேடரே, பாட்டைக் காட்டி என்னை மயக்கப் பார்க்கிறீர், உமது ஊரையும் பேரையும் வசனத்திலேயே சொல்லும்!" என்றார். கூட்டம் கைதட்டியது. என் குரல் போனது அவர்களுக்குத் தெரியவே இல்லை. அதன்பின் என் பாடல் வர வேண்டிய இடங்களிலெல்லாம், "இப்படித்தானே பாட வந்தீர்?" என்று கேட்டு, என் வரிகளை அவரே பாடினார். நான் வசனத்தில் விடை சொன்னால் போதும் என்று வழி செய்துகொடுத்தார். என்னை வென்று பெயர் எடுக்கக்கூடிய ஓர் இரவை அவர் எனக்காக விட்டுக்கொடுத்தார். விடிந்ததும் நன்றி சொல்லப் போனேன். "சுவாமிகள் பாட்டுத்தானே அண்ணே, யார் பாடினா என்ன?" என்று கூறிவிட்டு முதல் பேருந்துக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் சொன்னதை இத்தனை நாளும் நினைத்துப் பார்க்கிறேன். முன்பின் அறியாத ஒருவருக்கு என் வரிகள் மனப்பாடமாக இருந்ததற்குக் காரணம், இருவரும் ஒரே ஆசிரியர் எழுதிய பாடத்தைக் கற்றவர்கள் என்பதுதான். 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, உப்பளத்தில் கணக்கு எழுதிவிட்டு, இருபத்துநான்கு வயதில் நாடகத்துக்கு வந்த சங்கரதாஸ் சுவாமிகளே அந்த ஆசிரியர். தொடக்கத்தில் அவரும் வேடம் கட்டியவர்தான். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையின் அன்பைப் பெற்று லயத்தில் தேர்ந்தவர் என்பதை அவருடைய சந்தங்களே காட்டிக்கொடுக்கும்; தாளம் தெரியாதவன் அவற்றில் கால் வைக்க முடியாது. பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள் என்று 40 நாடகங்கள் வரை அவர் எழுதியதாகச் சொல்வார்கள். அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவரிடம் பயின்ற டி. கே. சண்முகம் பதிவு செய்திருக்கிறார். அந்த வேகம் வியப்புக்குரியதுதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, ஒவ்வொருவரும் மனம்போனபடி பேசிவந்த மேடைக்கு எழுதிய பாடம் ஒன்றை அவர் கொடுத்தது. 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களுக்கு அந்தப் பாடத்தை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தார். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே உருவானவர்கள். அவர்களைப் போல் புகழ்பெறாத எத்தனையோ பேர் வழியாக அந்தப் பாடம் கிராமத்து மேடைகளுக்கு வந்து, என் ஆசிரியர் வழியாக என்னிடமும் சேர்ந்தது.

கடைசிக் காலத்தில் சுவாமிகள் பக்கவாதத்தால் பேச்சை இழந்தார். 1922 நவம்பரில் புதுச்சேரியில் காலமானார். படுக்கையில் வாய் திறக்கக் கூடாதென்று கிடந்த நாள்களில் நான் அடிக்கடி அவரைத்தான் நினைத்தேன். அத்தனை பாட்டையும் எழுதியவர், பிள்ளைகள் பிழையாகப் பாடினாலும் திருத்த வாய் எழாமல் கேட்டுக்கொண்டிருந்திருப்பாரே என்று எண்ணி அழுதிருக்கிறேன். அவருக்குத் திரும்பாத குரல் எனக்குத் திரும்பியிருக்கிறது. அதை என் பெயருக்காக மட்டும் செலவழிக்க இனி மனம் ஒப்பாது.

ஆகவே உங்கள் முன்னிலையில் இரண்டு உறுதி ஏற்கிறேன். எதிரில் நிற்பவருக்கு உடம்போ குரலோ துணை செய்யாத இரவில் அவரை மடக்கிக் கைதட்டு வாங்க மாட்டேன். திருவிழாக்கள் ஓய்ந்திருக்கும் மாதங்களில், கேட்டு வரும் இளையவர்களுக்கு வள்ளி திருமணத்தின் பாடம் முழுவதையும், ராஜபார்ட், ஸ்திரீபார்ட் இரண்டையும் சேர்த்து, கட்டணம் பெறாமல் சொல்லித்தருவேன். ஒரு பக்கத்தை மட்டும் கற்றவரால் அந்தச் சகோதரி செய்ததைச் செய்ய முடியாது. வருகிற மார்கழியில் என் வீட்டுத் திண்ணையிலேயே தொடங்குகிறேன். பாட்டு நோட்டு ஒன்று கொண்டுவந்தால் போதும்.