பத்துச் செக்கன் வித்தியாசம்

அன்பின் மச்சான்,

இங்கு அனைவரும் நலம். பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரியும் எழுதாதது என் பிழைதான். அறுவடையைச் சாட்டாகச் சொல்லமாட்டேன். உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை கேட்ட கேள்விதான் என்னை இப்போது எழுத வைத்தது.

அணுக்கருவுக்கு வெளியே தனித்திருக்கும் நியூத்திரன், சராசரியாக 15 நிமிடத்துக்குள் புரோத்தனாகவும் இலத்திரனாகவும் எதிர்நியூத்திரினோவாகவும் சிதைந்துவிடும் என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். "சரியாக எவ்வளவு, சேர்?" என்றாள். அன்றிரவு தேடிப் பார்த்தால், அளந்தவர்களுக்குள்ளேயே வழக்கு.

அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில், செக்கனுக்குச் சில மீற்றரே நகரும் குளிர்ந்த நியூத்திரன்களைக் காந்தத் தொட்டியில் விட்டு, மேலே புவியீர்ப்பையே மூடியாக வைத்து, எஞ்சியவற்றை எண்ணினார்கள். 2021இல் அவர்கள் கண்ட சராசரி ஆயுள் 877.75 செக்கன். அதே நாட்டின் மேரிலாந்திலோ, ஓடும் நியூத்திரன் கற்றையில் பிறக்கும் புரோத்தன்களைப் பிடித்து எண்ணி, 2013இல் 887.7 என்றார்கள். இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் பிழையெல்லைக்குள் இந்த வித்தியாசம் அடங்கவில்லை.

நம் குளத்தை நினைத்துக்கொள். நீர்மட்டம் இறங்குவதை ஒருவன் அளக்கிறான். துருசால் பாயும் நீரை மற்றவன் அளக்கிறான். கணக்குப் பொருந்தாவிட்டால் குளக்கட்டில் கசிவிருக்க வேண்டும், அல்லது துருசுக்காரன் பிழையாக அளந்திருக்க வேண்டும். தொட்டியிலிருந்து நியூத்திரன் வேறு வழியில் தப்பினால் ஆயுள் குறைவாகத் தெரியும். கற்றையில் புரோத்தன் நூற்றுக்கு ஒன்று எண்ணாமல் தவறினாலே ஆயுள் கூடிவிடும். நியூத்திரனில் ஒரு பங்கு, புரோத்தனைத் தராமல், கருவிக்குப் புலப்படாத இருண்ட துகளாகச் சிதைகிறதோ என்று 2018இல் இருவர் கேட்டார்கள். அது உண்மையானால் எவ்வளவு பெரிய விடயம்! ஆனால் யப்பானில், கற்றையிலேயே இலத்திரனை எண்ணியவர்களுக்கும் 877 அளவிலேயே வந்திருக்கிறது. ஆகையால் என் சந்தேகம் புரோத்தனை எண்ணிய துருசுக்காரன்மேல்தான்.

சிரிக்காதே. சைக்கிள் நட்டைத் தங்கூசியில் கட்டி ஊசல் ஆட்டியபோது, விட்ட கணத்திலேயே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கி, 9.8 ஆக வரவேண்டிய புவியீர்ப்பு ஆர்முடுகலை 10.9 ஆக்கியவன் நீ. கிளிநொச்சியில் மட்டும் பூமி கூடுதலாக இழுக்கிறதோ என்று சேர் கேட்டது மறந்துபோயிற்றா?

ஆனாலும் இது விளையாட்டில்லை; பிரபஞ்சத்தின் முதல் நிமிடங்களில் எவ்வளவு ஈலியம் உருவாகியது என்ற கணக்குக்கு இந்த எண் தேவை. அந்தப் பிள்ளைக்கு 877.75 என்று எழுதிக் கொடுக்கவா, இரண்டு எண்ணையும் பலகையில் போட்டு வழக்கையும் சொல்லவா? வெள்ளிக்கிழமை அந்த வகுப்பு மறுபடியும் வருகிறது. அதற்குள் பதில் போடு.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்