பிரஷரோடு நாடியும் பார்க்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

பக்கவாதம் என்றால் எங்கள் பக்கம் எல்லோரும் பிரஷரையும் சர்க்கரையையும்தான் சொல்வார்கள். சரிதான். ஆனால் அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊர் மக்களைப் பல்லாண்டுகளாகக் கவனித்துவந்த ஆய்வில், நரம்பியல் மருத்துவர் ஃபிலிப் உல்ஃப் தன் சகாக்களோடு 1991-ல் வெளியிட்ட கணக்கு இன்னொன்றையும் காட்டியது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் தாறுமாறான இதயத்துடிப்பு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து கிட்டத்தட்ட 5 மடங்கு. இதயத்தின் மேலறை சரியாகச் சுருங்காமல் நடுங்கும்போது, அங்கே தேங்கும் ரத்தம் கட்டியாகிப் போய் மூளையின் ரத்தக்குழாயை அடைத்துவிடுகிறது. பலருக்கு முன்கூட்டி எந்த அறிகுறியும் இருக்காது. தெரிந்துவிட்டால், ரத்தம் உறையாமல் தடுக்க மாத்திரை இருக்கிறது.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கும் அந்தப் பெண்கள் (ஊரில் அவர்களுக்கு நல்ல பெயர்), அப்படியே மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் நாடியும் பார்த்தால் என்ன? துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு மட்டும் ஈசிஜி எடுக்கலாம்.

அஞ்செட்டி பக்கத்து மலைக் கிராமங்களுக்கு இது ரொம்ப அவசியம். பக்கவாதம் வந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அது தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சிடி ஸ்கேன் வேறு. காட்டுப் பாதையில் இறங்கி வருவதற்குள் பாதி நேரம் போய்விடும். வாய் கோணினால் எண்ணெய் தேய்த்துப் பார்க்கும் வழக்கமும் இன்னும் விட்டபாடில்லை. 60 வயதைத் தாண்டியவர்களுக்காவது சுகாதாரத் துறை முதலில் இதைத் தொடங்க வேண்டும்.

– வாசகர், தேன்கனிக்கோட்டை