மருந்துப் பொதி லயத்துக்கு வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமேசான் 2018இல் பில்பேக் என்ற மருந்து விநியோக நிறுவனத்தை வாங்கியது. 2023இல் வன் மெடிக்கல் கிளினிக்குகளையும் ஏறத்தாழ 390 கோடி டொலருக்கு வாங்கியது. அப்படியொரு சேவை மலையகத்துக்கு வந்தால் மனதார வரவேற்பேன். பிரஷர் மாத்திரை எடுக்க கிளினிக் போகும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடுகிறது. மாத்திரை வீட்டுக்கே வந்தால் எவ்வளவு நல்லது!

ஆனால் எந்த வீட்டுக்கு? தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயக் காம்பராக்கள் பலவற்றுக்கு இன்னும் தனி முகவரி இல்லை. கடிதமே தோட்ட அலுவலகம் வழியாகத்தான் வருகிறது. அதோடு, தானே தொடங்கிய அமேசான் கேர் என்ற மருத்துவ சேவையை அந்த நிறுவனம் 2022 இறுதியில் மூடிவிட்டது. லாபம் பார்ப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆகவே தோட்ட வைத்தியசாலைகளை அரசு முழுமையாகப் பொறுப்பேற்று, வைத்தியர்களை நியமிக்க வேண்டும். லயங்களுக்கு முகவரியும் உடனே வேண்டும்.

வாசகர்,
ஹட்டன்