பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை (2024/2025)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், தலைமையாசிரியர் அவர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளிலிருந்தும் வருகை தந்துள்ள பெற்றோர்களுக்கும் வணக்கம்.

கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுப்பணி, விளையாட்டுப் போட்டி, தீபாவளி அன்பளிப்பு ஆகியவற்றின் விவரங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் முன்னரே பகிரப்பட்டுள்ளன. கணக்கறிக்கையைப் பொருளாளர் படைப்பார். செயலவை இவ்வாண்டு மிகுதியாக விவாதித்தது பிள்ளைகளின் அடைவு அறிக்கையைப் பற்றியே என்பதால், இவ்வறிக்கையும் அதையே பேசுகிறது.

முதல் மூன்று ஆண்டு மாணவர்களுக்கான தேர்வுகள் 2019-இல் நீக்கப்பட்டன. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு 1988 முதல் நடந்துவந்த யுபிஎஸ்ஆர் பொதுத்தேர்வும் 2021-இல் அகற்றப்பட்டது. இப்போது ஆசிரியர் ஆண்டு முழுவதும் கவனித்துப் பதிவுசெய்யும் வகுப்பறை மதிப்பீட்டின் அடிப்படையில், ஒவ்வொரு பாடத்திற்கும் 1 முதல் 6 வரை அடைவுநிலை வழங்கப்படுகிறது; நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை ஆண்டிறுதித் தேர்வும் உண்டு. ஆயினும் முதல் அறிக்கை நாளன்று ஆசிரியர்கள் அதிகம் எதிர்கொண்ட கேள்வி, "டீச்சர், என் மகன் வகுப்புல எத்தனையாவது?" என்பதுதான். நிலை 6 என்றால் நூறு, நிலை 3 என்றால் ஐம்பது என்று யாரோ தயாரித்த அட்டவணையொன்றும் பெற்றோரிடையே வலம்வந்தது. அதை நம்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். அடைவுநிலை என்பது மதிப்பெண்களின் சராசரி அன்று; பயிற்சிப் புத்தகம், வாய்மொழிப் பயிற்சி, வகுப்பு நடவடிக்கை ஆகியவற்றைக் கண்டு, கலைத்திட்டத்தில் வகுத்துள்ள தரத்தோடு ஒப்பிட்டு ஆசிரியர் எடுக்கும் முடிவு. பக்கத்து இருக்கைப் பிள்ளைக்கு அதில் இடமே இல்லை. நிலை 3 என்பது அடைய வேண்டிய குறைந்தபட்ச நிலை.

எனினும் வெறும் எண் மட்டும் பெற்றோருக்குப் போதாது என்பதே என் கருத்து. மூன்றாம் ஆண்டுத் தமிழாசிரியை, பெயர் மறைத்த இரு பயிற்சிப் புத்தகங்களைச் செயலவைக்குக் காட்டினார். இருவருமே நிலை 3. ஒருவர் பத்தியைத் தடையின்றி வாசிப்பவர், ஆனால் சொந்தமாக இரண்டு வாக்கியங்களுக்குமேல் எழுதுவதில்லை; மற்றவர் சரளமாகக் கதை சொல்பவர், எழுத்திலோ லகர, ளகர, ழகரங்கள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று விழுகின்றன. வீட்டில் இவ்விருவருக்கும் தேவைப்படும் உதவி ஒன்றல்லவே! ஆகவே எண்ணுக்குக் கீழே, பிள்ளை அடுத்துப் பயில வேண்டியதை ஒரு வரியில் எழுதித் தருமாறு கேட்டோம். பல பாடங்களைக் கையாளும் ஆசிரியர்களுக்கு இது கூடுதல் சுமை என்பதை அறிவோம்; மொழிப் பாடங்களுக்கும் கணிதத்திற்கும் மட்டும் செய்ய இசைந்த ஆசிரியர்களுக்கு நன்றி.

செம்பனைத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் ஷிப்ட் முறையில் வேலை செய்வோர் வார நாளில் வர இயலாததால், இரண்டாம் அறிக்கை நாள் சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டது. தந்தையர் வருகை கண்கூடாகக் கூடியது. வர இயலாதவர்கள் அறிக்கையில் கையொப்பமிட்டு அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளாமல், வகுப்பாசிரியருடன் தொலைபேசியிலாவது பேசுமாறு வேண்டுகிறேன்.

யுபிஎஸ்ஆரில் எல்லாப் பாடங்களிலும் ஏ பெற்றவர்களுக்குச் சங்கம் வழங்கிவந்த ரொக்கப் பரிசு பற்றி இன்னும் முடிவாகவில்லை. நிலை 6 பெறுவோருக்கே அதை வழங்க வேண்டும் என்பது செயலவையில் ஒரு சாராரின் வாதம். வாசிப்பிலும் எழுத்திலும் நிலை 2-லிருந்து 3-க்கு உயர்ந்த பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்பது, நான் உட்பட, மறு சாராரின் வாதம். இதனை இப்பொதுக்கூட்டத்தின் முடிவுக்கு விட்டு, இவ்வறிக்கையைப் பணிவுடன் படைக்கிறேன்.

செயலாளர்