கமிட்டின் கீழே உன் பெயர்

மஞ்சக்குப்பம், கடலூர்.

டேய் குமரா,

எட்டு மாதம் வாயைத் திறக்காதவன் எழுதுகிறான் என்றால் கடன் கேட்கத்தான் என்று நினைப்பாய். கடன் இல்லை, வம்பு. வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான்.

போன வாரம் நம்ம பழைய லினக்ஸ் டிரைவரை, அதாவது பெட்டியை இயக்கும் நிரலை, திறந்தேன். அதற்குக் கட்டளை எழுதும் ப்ராக் ஃபைலை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். எழுதும்போதுதான் ‘கேப்பபிள்’ என்ற உரிமைச் சோதனை. கேப்-சிஸ்-அட்மின் என்ற நிர்வாகி உரிமை இருந்தால் உள்ளே விடு, அவ்வளவுதான். ஆனால் அது பார்ப்பது அந்த நொடியில் எழுதும் ப்ராசஸை (ஓடும் நிரலை) மட்டும். ஃபைலைத் திறந்தவன் யார் என்று கேட்பதே இல்லை.

உன் சித்தப்பா ஸ்கூட்டர் ஞாபகம் இருக்கிறதா? பை நம்முடையது, காக்கிச் சட்டை அவருடையது; சட்டையைப் பார்த்துவிட்டு யாரும் பையைத் திறக்கமாட்டார்கள். அதே கதைதான். சாதாரண யூசர் ஒருவன் ஃபைலைத் திறந்து, அதையே ஸ்டாண்டர்ட் எரராக (பிழைச் செய்தி போகும் இடமாக) வைத்து, ரூட் என்ற முழு உரிமையில் ஓடும், யூசர் மாற்றும் ‘சு’ கட்டளையை ‘ரீசெட்’ என்றே ஒரு பெயர் கொடுத்துக் கூப்பிடுகிறான். ‘அப்படி யூசர் இல்லை’ என்று அது திட்டும் வரியில் அவன் கொடுத்த பெயரும் வரும். நம்ம டிரைவர் மகா புத்திசாலியாயிற்றே, வரியில் எந்த மூலையில் ‘ரீசெட்’ கிடந்தாலும் ரீசெட் செய்துவிடும். எழுதியது ரூட், அப்போ சரி!

2013-இல் லினக்ஸில், யூசர்களைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் யூசர் நேம்ஸ்பேஸின் யுஐடி-மேப் ஃபைலில் அடைத்தது இதே மாதிரி ஓட்டையைத்தான். ஃபைல்-என்எஸ்-கேப்பபிள் என்ற சோதனை வந்ததே அப்போதுதான். திறந்தவனுக்கு அன்று உரிமை இருந்ததா என்று பார்க்கும். அதைப் போட்டேன், ஒரே வரி. உடனே சோதனை ஸ்கிரிப்ட் படுத்துவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் ‘சுடோ எக்கோ ரீசெட்’, பக்கத்தில் அதை ஃபைலுக்குள் அனுப்பும் ஒரு அம்புக்குறி. அம்புக்குறிக்காக ஃபைலைத் திறப்பது சாதாரண யூசராக ஓடும் நம்ம ஷெல் (கட்டளை வாங்கும் நிரல்), ரூட் உரிமை தரும் சுடோ இல்லை. இத்தனை வருஷம் அது ஓடியதே ஓட்டையின் தயவில். ஸ்கிரிப்டை எழுதியது யார் என்று நான் சொல்ல வேண்டாம்.

சிரிப்பாக இருந்தாலும் ராத்திரி தூக்கம் வரவில்லைடா. அந்த டிரைவரோடு போன பெட்டிகள் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன. மேலே சொன்னால் ‘பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாம்’ என்கிறார்கள். நான் திருத்தத்தை, அந்தப் பேட்சை, இன்றே அனுப்பப்போகிறேன்.

எந்தப் பழைய மாற்றத்தின் பிழை என்று சொல்லும் ‘ஃபிக்ஸஸ்’ வரிக்காக அந்தக் கமிட்டைத் (பதிந்த மாற்றத்தை) தேடினேன். எழுதியது நான். கீழே ‘ரிவியூட்-பை’, அதாவது படித்துச் சரிபார்த்தவன், உன் பெயர். இந்தத் தடவையும் போடட்டுமா? இந்த முறையாவது படித்துவிட்டுச் சொல்.

உன்,
சேகர்